நூற்றியிருபது மில்லி

கப்பு சில்லென்றிருந்தது. சொல்லப்போனால் விஷயம் அவ்வளவுதான், இதற்கா ஒரு மனுசன் இப்படி முழிக்கிறான் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள், ஆனால் சென்னியப்பனுக்கு அந்தச் சில்லிப்பு விரல் வழியாக ஏறி முழங்கையைத் தாண்டி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. காலை எட்டு நாற்பது. பெரியாஸ்பத்திரி குழந்தைகள் வார்டு, பதினாலாம் நம்பர் கட்டில். கட்டிலில் அவன் மகள் பிரகதி, ஏழு வயசு, வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து சேர்த்த பிள்ளை. இன்றைக்குப் புதன். இப்போதுதான் தனியாகக் கக்கூசுக்குப் போய், கப்பில் பிடித்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, ஏறிப் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நூற்றியிருபது மில்லி. கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கட்டில் காலில் தொங்குகிற அட்டையில் நேரம் ஒரு கட்டம், குடித்தது ஒரு கட்டம், ஒண்ணுக்குப் போனது ஒரு கட்டம். மூன்றாவதில் நூற்றியிருபது என்று எழுதவேண்டும், பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது, எழுதவேண்டியதுதானே, என்ன கேடு. ஆனால் பிள்ளை உடம்பிலிருந்து வருவது சூடாக அல்லவா இருக்கும். மடியில் போட்டு வளர்த்தவனுக்கு அது தெரியாதா, எத்தனை வேட்டி நனைந்திருக்கிறது. சரி, கக்கூசு வார்டின் அந்தக் கோடியில் இருக்கிறது, இங்கிருந்து அவனுக்கு நாற்பது எட்டு, பிள்ளைக் கால் என்றால் அறுபது, வழியில் மூன்று ஃபேன், ஆறியிருக்கும். அறுபது எட்டில் ஆறுமா. மெதுவாக நடந்திருப்பாள், உடம்பு முடியாத பிள்ளை, நின்று நின்று வந்திருப்பாள். நின்றாளா. கதவைத் திறந்ததிலிருந்து இங்கே வந்து சேரும்வரை அவன்தான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தானே, எங்கேயும் நிற்கவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக வந்தாள். அவன் பேனாவை மூடினான், திரும்பத் திறந்தான்.

அளவு தெரியாத ஆளாக இருந்தாலாவது ஒரு சமாதானம் உண்டு. பதினோரு வருசமாகப் பால் சொசைட்டியில் டெஸ்டர். விடிகாலை அஞ்சரைக்கு முன்னூறு வீட்டுப் பால் அவன் கையைத் தாண்டித்தான் கேனுக்குள் போகும். டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை உள்ளே விடுவதெல்லாம் ரூலுக்காக. வாளி சாயும்போதே சொல்லிவிடுவான், சின்னக்கா, இன்னிக்கு மாடு தண்ணித்தொட்டியில விழுந்திருச்சுங்களா என்று. சின்னக்கா சிரித்துக்கொண்டே வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும். சொந்த மாமன், பொண்டாட்டி கோகிலவாணிக்குத் தாய்மாமன், ஒருநாள் ஒரு சொம்புத் தண்ணி கலந்து கொண்டுவந்தபோது எல்லார் முன்னாலும் இதை எடுக்க முடியாதுங்க மாமா என்று சொன்னவன் இவன். மாமன் ரெண்டு வருசம் பேசவில்லை, கட்டிக்கொடுத்த இடத்தில் இப்படி ஒரு சண்டாளன் வாய்த்தானே என்று ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரியட்டும் என்று விட்டுவிட்டான். சென்னியப்பன் கண்ணில் தண்ணி தப்பாது என்று ஊரில் பேர். தப்பாதுதான். நேற்று மத்தியானம் முதல் கப்பு, தொண்ணூறு மில்லி என்று அவள் கொண்டுவந்து நீட்டியபோதே தப்பவில்லை. பார்த்தான், ஐயா, பார்த்தான். அதில் மஞ்சளே இல்லை. நேற்றுக் காலையில் பக்கத்துக் கட்டில் சாந்தாமணி கூடப் போய்ப் பிடித்துக்கொடுத்தது நாற்பதே மில்லிதான் என்றாலும் கடுங்காப்பி நிறத்தில் இருந்ததே, நாலு மணி நேரத்தில் அப்படித் தெளிந்துவிடுமா. கண் பார்த்தது, மூக்கு ஒரு வாசமும் இல்லை என்று சொன்னது, கை சில்லென்று சொன்னது. மூன்றும் சேர்ந்து சொன்னதை ஓரங்கட்டிவிட்டு வாய் மட்டும், அடடே, தொண்ணூறா, என் தங்கம், என்றது. பிள்ளை சிரித்தாள். அவனும் சிரித்தான். எழுதினான். பேப்பரில் அந்தத் தொண்ணூறு எத்தனை அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், அச்சடித்த மாதிரி.

இதில் ஆம்பிளையாகப் பிறந்த கோளாறு வேறு. இது அம்மாமார் வார்டு. கோகிலவாணி பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது, பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையோடு அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறாள். அதனால் தனியாக எழுதிக் கேட்டு வாங்கின அனுமதியில் முப்பது பொம்பிளைகளுக்கு நடுவே இவன் ஒருத்தன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். யாராவது கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினால் எழுந்து வராந்தாவுக்குப் போவான், பத்து நிமிசம் கழித்து இருமிவிட்டு உள்ளே வருவான். கக்கூசு வாசலில் ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தைத் தாண்டி அவனால் போக முடியாது. பிள்ளைக்கும் விவரம் தெரிந்த வயசு, அப்பன் கப்பைப் பிடிக்க விடமாட்டாள். சாந்தாமணி நல்ல பொம்பிளை, அவள் பையனுக்கு இளைப்பு, அவனையும் பார்த்துக்கொண்டு, நானு கூட்டிட்டுப் போறனுங்ண்ணா, நீங்க உக்காருங்க என்று ரெண்டு தடவை கூட்டிக்கொண்டு போனாள். நேற்று ரவுண்ட்ஸ் முடிந்ததிலிருந்து பிரகதி மாட்டேன் என்றுவிட்டாள். நானே போயிக்கறேன் அத்தை, எனக்குத் தெரியும். பெரிய மனுசி ஆயிட்டா என்று சாந்தாமணி சிரித்தாள், அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, என்ன பெருமையோ. நேற்று ரவுண்ட்ஸில் என்ன நடந்தது. நிலோஃபர் டாக்டர், சின்ன வயசு, படிக்கிற டாக்டர் என்றாலும் கட்டில் கட்டிலாக நின்று பேசுகிற பொண்ணு, அட்டையைப் பார்த்து நாற்பது பத்தாதே என்றாள். பிறகு குனிந்து பிள்ளை கன்னத்தைத் தட்டி, பாப்பா, இன்னிக்கு நல்லா ஒண்ணுக்குப் போகணும், சரியா, போனா சீக்கிரம் வீட்டுக்குப் போய்த் தம்பிப் பாப்பாவப் பாக்கலாம், வரலைன்னா சின்னதா ஒரு டியூப் போட்டு எடுக்கணும் என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். டியூப் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளை கால் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டதை அவன் பார்த்தான். பார்த்ததெல்லாம் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், பார்வையில் ஒரு குறையும் இல்லை.

தொண்ணூறு, நூற்றிப்பத்து, நூறு. நேற்றைய கணக்கு அப்படி ஏறிற்று. சாயந்தரம் நிலோஃபர் டாக்டர் அட்டையைப் பார்த்து முகம் மலர்ந்துபோனாள். இரத்தம் இன்னிக்கு மறுபடி எடுக்கலாம்னு இருந்தேன், உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்க, வந்த அன்னிக்கே அளவோட ஓரத்துலதான் இருந்துச்சு என்றாள். அதற்கு இந்த மகராசன் என்ன சொன்னான் தெரியுமா. டாக்டர், புள்ளை கையி ரெண்டும் குத்திக் குத்தி வீங்கிக் கெடக்குதுங்க, நாளைக்கு எடுத்துக்கலாங்களா, ஒண்ணுக்குத்தான் நல்லாப் போகுதுங்களே என்றான். ஆமாம், போகுதே, என்று அவள் பேனாவால் எதையோ அடித்தாள். ஊசி மட்டும் நிறுத்தாம போயிட்டிருக்கட்டும், இரத்தம் நாளைக்கு. புஷ்பலீலா சிஸ்டர் அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்ப் பதினாறாம் கட்டில் அம்மாவிடம் காட்டி, பாருங்க, இந்த அண்ணன் எப்படி எழுதுறாரு, நீங்க குத்துமதிப்பா எழுதுறீங்க என்று வேறு சொன்னாள். பதினாறாம் கட்டில் அவனைப் பார்த்த பார்வையில் எரிச்சலும் மரியாதையும் இருந்தன, அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கோகிலவாணி வீடியோவில் வந்து, பாப்பா மொகம் தெளிஞ்சிருக்குதுங்க, கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்குது என்று சந்தோசப்பட்டாள். ஆமா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கிச்சாட்ட இருக்குது என்றான். மூணு நாளாக ரெண்டு இட்லிக்கு மேல் இறங்காத பிள்ளைக்கு எங்கேயிருந்து வரும் சதை. இன்று விடிந்ததும் பார்த்தால் கண்ணிமை ரெண்டும் உப்பியிருக்கிறது. தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொண்டான். கொலுசைச் சற்றுத் தள்ளிப் பார்த்தான், கணுக்காலில் கம்பி பதிந்த தடம் அப்படியே பள்ளமாக நின்றது. அவன் விரலால் தேய்த்தான். போகவில்லை. கொலுசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அது சின்னதாகிவிட்டது, வேறு மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இதோடு நின்றிருந்தால்கூட எழுதியிருப்பான், நூற்றியிருபது என்ன, இருநூறுகூட எழுதியிருப்பான், மனசு அப்படியெல்லாம் வளைந்து கொடுக்கும். நேற்று மத்தியானம் பதினோராம் கட்டிலில் அந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்திருக்கவேண்டும். நிலோஃபர் டாக்டர் அஞ்சாறு மாணவர்களை நிறுத்திவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது வேறு பிள்ளை, வேறு கதை. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆனால் விரலை மடக்கி மடக்கி அவள் சொன்னது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைக்குக் கிட்னி ஏன் கெடுதுன்னா ஒரே ஒரு காரணத்தத் தேடாதீங்க. குறைமாசத்துல பொறந்த குழந்தையா, கேளுங்க, அதுக்குக் கிட்னியில சரக்கே கம்மியா இருக்கும். வாந்தி பேதியில தண்ணி வத்திப்போச்சா. அது வத்தியிருக்கற நேரத்துல வீட்ல வலி மருந்து கலந்த காய்ச்சல் மருந்து குடுத்தாங்களா, கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. அதுக்கு மேல நாம குடுக்கற ஊசி, அதுலயும் சிலது கிட்னிக்கு ஆகாது, ஆனா கிருமிக்கு அதுதான் வேணும், அளந்து பாத்துக் குடுக்கறோம். ஒண்ணொண்ணா வந்தா குழந்தை தாங்கிக்கும். எல்லாம் ஒரே குழந்தைக்கு வந்தா ரெண்டே நாள்ல உக்காந்துரும். அப்போ நமக்கு மொதல்ல தகவல் சொல்றது எது. ஒரு மாணவி யூரின் மேம் என்றாள். அதான், அந்த அட்டை. சென்னியப்பன் அப்போது ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். உரித்துக்கொண்டே இருந்தான். நாலு விரல் மடக்கினாள் அந்தப் பொண்ணு, நாலும் பதினாலாம் கட்டிலில் கிடக்கிறது, அதில் ரெண்டு அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் சேர்த்த அன்றைக்கு அதே பொண்ணு அதே கேள்விகளைக் கேட்டபோது இவன் அந்த ரெண்டுக்கும் இல்லீங்க என்று தலையாட்டியிருந்தான்.

குறைமாசமா என்றாள். இல்லீங்க என்றான். எட்டு மாசத்தில் பிறந்து, ஒன்றரைக் கிலோகூட இல்லாமல், கண்ணாடிப் பெட்டியில் இருபத்தஞ்சு நாள் கிடந்த பிள்ளை இது. ஏன் இல்லை என்றான். கேட்டால் சிரிப்பீர்கள். பிரகதி அவன் மடியிலேயே சாய்ந்திருந்தாள், காது திறந்திருந்தது. கோகிலவாணியை ஒறம்பரைக்காரர்கள் எட்டு மாசக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லி அவள் ஒரு வருசம் எந்த விசேசத்துக்கும் போகவில்லை. அப்புறம் புருசனும் பொண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டார்கள், இந்தப் பேச்சு பிள்ளை காதில் விழவே கூடாது, அவள் நிறைமாசம்தான், பத்து மாசம் முழுசாகச் சுமந்து பெற்றதுதான், யார் கேட்டாலும் அதுதான். ஏழு வருசமாகச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது, டாக்டர் கேட்கிறாள் என்று வாய்க்குத் தெரியவில்லை. வீட்ல வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா என்றாள். ஒண்ணுமில்லீங்க, கஞ்சித்தண்ணிதான். அந்த ரோஸ் கலர் மருந்து, மெடிக்கல் கடையில் காய்ச்சலுக்கும் வலிக்கும் சேர்த்துக் கேட்கும் என்று கொடுத்தது, ஒரு மூடி கொடுங்க என்றான் கடைக்காரன். காய்ச்சல் இறங்கவில்லை. நாலு மணி நேரம் கழித்து இன்னொரு மூடி. அப்புறம் ரெண்டு மூடி. வெள்ளி, சனி ரெண்டு நாள், பிள்ளை தண்ணிகூடக் குடிக்காமல் வாயாலும் வயிற்றாலும் போய்க்கொண்டிருந்த ரெண்டு நாள். ஊரான் வீட்டுப் பாலில் அரைச் சொம்பு கூடினால் கண்டுபிடிக்கிறவன், சொந்தப் பிள்ளை வாயில் மூடி கணக்கில்லாமல் ஊற்றினான். டாக்டர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். தகப்பன் கவனமான ஆள் என்று அந்தப் பொண்ணு நினைக்கவேண்டும் என்றிருந்தது அவனுக்கு, வேறென்ன. பாட்டில் இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது, துண்டுக்கு அடியில்.

ஒன்பது மணி. ரவுண்ட்ஸ் பத்துக்கு, ரவுண்ட்ஸ் முடிந்துதான் ஊசி. ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனையோ செய்யலாம், எழுந்து சிஸ்டர் மேஜைக்குப் போய், சிஸ்டர் ஒரு நிமிசங்க என்றால் முடிந்தது. எழுந்தான். சிஸ்டர் யார் பேரையோ சத்தமாகக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தான். ஒருவேளை தண்ணியாக இல்லாமல் இருந்தால். பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்களே, அதுவே வெளியே வந்தால் வெளுப்பாகத்தானே வரும், வாசமும் கம்மியாகத்தானே இருக்கும். ஆனால் சூடு. இந்தச் சூடுதான் விடமாட்டேன் என்கிறது. சரி, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், அடுத்த முறை சாந்தாமணியைக் கூடவே போகச் சொல்லிவிடலாம், அதுவரை பொறுக்கலாம். அதுவரைக்கும் ஊசி பொறுக்குமா. பிள்ளையிடமே கேட்டுவிடலாம். கேட்டால் பயந்துவிடுவாள். அடிக்காத கை இது, ஆனாலும் அவளைப் பொய்க்காரி என்று எப்படிக் கேட்பது, அதுவும் எந்த யோக்கியதையில். அவள் தோளைத் தொட்டு, சாமீ, கப்பக் கழுவிட்டுத்தான புடிச்ச, கழுவுன தண்ணி கொஞ்சம் உள்ள நின்னுருச்சாட்ட இருக்குது, என்று கேட்டான். கேள்வியைக் கேட்டதும் அவனுக்கே தன்மேல் அருவருப்பாகப் போயிற்று, பதிலையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. ம், என்றாள் சுவரைப் பார்த்தபடி. கொஞ்சம் நின்னுருச்சு. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அதுதான், கழுவின தண்ணி. அதனால்தான் சில்லென்று. பத்து எண்ணுவதற்குள் அந்த மூச்சு போன வழி தெரியவில்லை. கழுவின தண்ணி நூற்றியிருபது மில்லியா நிற்கும். நாலு தடவையும் நிற்குமா. அவன் கப்புக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான், பாலுக்குப் பார்க்கிற பழக்கம். சொட்டு நிற்காமல் வழிந்தது. விரலை மூக்கிடம் கொண்டுபோனான். மேல்தொட்டியில் போடுகிற பிளீச்சிங் பவுடர் வாசம், லேசாக. சாந்தாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னங்ண்ணா பண்றீங்க என்றாள். ஒண்ணுமில்லம்மா என்றான். இந்த ஒண்ணுமில்லதான் அவனைப் பிடித்த சனியன்.

இப்போது தெரிந்துவிட்டது, இனி தெரியாது என்று சொல்ல முடியாது, அப்படியானால் எழுந்திரு. எழுந்திருக்க முடியவில்லை. கால் இருக்கிறது, மரத்துப்போகவில்லை, ஆனால் எழுந்தால் என்ன ஆகும் என்று மனசு வரிசையாகப் படம் காட்டுகிறது. சிஸ்டர் வாயில் கையை வைப்பாள். முப்பது பொம்பிளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். பதினாறாம் கட்டில் அம்மா சிரிக்காமல் இருந்தால் அதிசயம். டாக்டர் பொண்ணு, நாளைக்கு எடுத்துக்கலாம் என்று இவன் கேட்டதற்காக இரத்தம் எடுக்காமல் விட்ட பொண்ணு, அவள் முகம் எப்படி மாறும். அதெல்லாம் போகட்டும், அந்த அவமானம் ஒரு பொருட்டா. அது இல்லை. அவன் வாயைத் திறக்கும்வரை இந்தக் கட்டிலில் இருப்பது நாளைக்கு வீட்டுக்குப் போகிற பிள்ளை. திறந்துவிட்டால் அது வேறு பிள்ளை. ஊரில் ஒருத்தர் வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ் ஏறிப் போய் மெஷினில் படுத்துவிட்டு வருகிறார், கையில் கயிறு கயிறாக நரம்பு புடைத்து, குடிக்கிற தண்ணியை டம்ளரில் அளந்து குடிக்கிறார். அவருக்கு அறுபது வயசு. ஏழு வயசுக் கையில் அந்த நரம்பு எங்கே இருக்கும். சொல்லாதவரைக்கும் அது நடக்கவில்லை என்று ஒரு நினைப்பு, அவனுக்கே தெரிகிறது அது கிறுக்கு என்று. ரெண்டு மாசம் முன்னால் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, எல்லாரும் எனக்காக நின்னு பாத்தாங்கப்பா என்று சொன்ன பிள்ளை. அவன் ரெண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். ஒன்பதேகால். பத்துக்கு டாக்டர் வரட்டும், டாக்டரிடமே சொல்லிக்கொள்ளலாம், சிஸ்டரிடம் எதற்கு, டாக்டர் வந்ததும் முதல் வேலையாக. அப்படி முடிவு செய்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, நாற்பத்தஞ்சு நிமிசம் சம்பாதித்துவிட்டான் அல்லவா.

சக்கரம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. புஷ்பலீலா சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இன்னிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ், பதினோரு மணி ஆயிரும், ஊசி எல்லாம் இப்பவே போட்டுர்றேன், என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு, பதிமூன்று என்று வந்தாள். சாந்தாமணி பையனுக்கு ஊசி இல்லை, மாத்திரை, அரை நிமிசத்தில் முடிந்துவிட்டது. பதினாலு. அட்டையை எடுத்துப் பார்த்தாள். காலைல எழுதலையாண்ணா. கப்பைப் பார்த்தாள். நூத்தியிருபதா, சூப்பர், எழுதிருங்க. பிரகதி பக்கம் குனிந்து, கையக் குடு தங்கம் என்றாள். பிள்ளை திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள், மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்ட ஊசிக்குழாய். சிஸ்டர் சிரிஞ்சைத் தூக்கிக் காற்றை வெளியேற்றினாள். சொல்லு என்றது உள்ளே ஒன்று. சிஸ்டர் குழாயின் மூடியைத் திருகினாள். நேற்றுச் சாயந்தரமும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றான், அதே மருந்து, அதே கை, தொண்ணூறும் நூற்றிப்பத்தும் நூறும் எழுதிவிட்டு நின்றான். அவன் கை தானாகப் போய்ப் பிள்ளையின் கையை மூடிக்கொண்டது. அண்ணா, கைய எடுங்க. எடுக்கவில்லை. என்னாச்சு, கைய எடுங்க, மருந்து வேஸ்டாயிரும். அது தண்ணிங்க சிஸ்டர், என்றான். எது. கப்புல இருக்கறது. பைப்புத் தண்ணி. நேத்து மத்தியானத்துல இருந்து எழுதுனது எல்லாம் தண்ணிதானுங்க. நான் பாத்துட்டேதான் எழுதுனனுங்க.

சிஸ்டர் வாயில் கையை வைக்கவில்லை. ஒரு கணம் அவனைப் பார்த்தாள், சிரிஞ்சைத் தட்டில் போட்டாள், கப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள், பிள்ளையின் முகத்தை மெல்லத் திருப்பி இமையைப் பார்த்தாள், காலை அழுத்தினாள். பிறகு ஓடினாள். ஐம்பது வயசுப் பொம்பிளை அந்த வார்டில் ஓடி அவன் பார்த்ததில்லை. நிலோஃபர் டாக்டர் கழுத்தில் மாட்டியிருந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கோபம் இருந்ததா இல்லையா என்று பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. கடைசியா நெசமா எப்போ போனா என்றாள். அவனுக்கு எப்படித் தெரியும். சாந்தாமணிதான் சொன்னாள், நேத்துக் காலைல எட்டு மணிக்குங்க, நாந்தான் கூட்டிட்டுப் போனேன், நாப்பது மில்லி. இருபத்தஞ்சு மணி நேரம், என்றாள் டாக்டர் யாருக்கும் இல்லாமல். அப்புறம் அவன் கேட்காமலே சொல்லத் தொடங்கினான், தொடங்கியது நிற்கவில்லை. எட்டு மாசத்துல பொறந்ததுங்க, ஒண்ணேகால் கிலோங்க, பெட்டியில வெச்சிருந்தாங்க. காய்ச்சல் மருந்து குடுத்தேனுங்க, ரெண்டு நாளு, ஒரு மூடிக்கு ரெண்டு மூடியா. துண்டைத் தூக்கிப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அவள் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தாள். ஊசி நிறுத்துங்க, பாட்டில் எதுவும் ஏத்தாதீங்க, இரத்தம் இப்பவே எடுத்து ஆளு கையில குடுத்து அனுப்புங்க, டியூப் போடணும், ஸ்கேனுக்குச் சொல்லுங்க, கிட்னி டாக்டருக்கு நான் போன் பண்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பினாள். பொழைச்சுக்குங்களா டாக்டர், என்றான். சீக்கிரம் பிடிச்சா குழந்தைகளுக்குக் கிட்னி திரும்பி வரும், பெரும்பாலும் வரும். நேத்து மத்தியானம் சொல்லியிருந்தீங்கன்னா சாயந்தர ஊசி போட்டிருக்க மாட்டோம். இப்போ இரத்தத்தப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நானும் நேத்தே எடுத்திருக்கணும். அவள் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், அவனுக்காகச் சொன்னாளா தனக்காகச் சொன்னாளா தெரியவில்லை. முப்பது பொம்பிளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பதினாறாம் கட்டில் அம்மா அவளுடைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

சக்கர நாற்காலி வந்தது. டியூப் போடும்போது பிள்ளை கத்திய கத்தல் திரைக்கு வெளியே நின்ற அவன் காதில் இன்னும் இருந்தது. வந்தது ஒரு ஸ்பூன் அளவு, கறுத்து. ஸ்கேன் அறைக்குப் போகும் வராந்தா நீளமானது, வெயில் கம்பிக் கம்பியாக விழுந்துகிடந்தது, சிஸ்டர் முன்னால் போனாள், அவன் தள்ளிக்கொண்டு போனான். எதில் தொடங்குவது, நீ ஏஞ்சாமி இப்படிப் பண்ணுனே என்று கேட்க நாக்கு எழும்பவில்லை, தம்பியைப் பார்க்கிற ஆசையில் செய்திருக்கிறாள், வீட்டுக்குப் போகிற ஆசையில் செய்திருக்கிறாள், சின்னப் பிள்ளை விளையாட்டு, என்று அவனே அவளுக்காகக் காரணம் தேடிக்கொண்டே தள்ளினான். ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். அவன் முன்னால் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தான். உப்பிய இமைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். வரலைப்பா, என்றாள். நெறைய வாட்டி உக்காந்து பாத்தேன். வயித்த அமுக்கிப் பாத்தேன். பைப்ப தொறந்து விட்டா வரும்னு மஞ்சு மிஸ்ஸு சொன்னாங்கல்ல, அதான் பைப்ப தொறந்தேன். அப்பவும் வரலை. பயமா இருந்துச்சு. வெறுங்கப்பக் கொண்டாந்தா நீ பயந்துக்குவயில்ல. அவன் வாய் பழக்கத்தில் ஒண்ணுமில்ல சாமி என்று சொல்லத் திறந்தது. அதை விழுங்கினான். எனக்கும் பயமாத்தான் இருக்குது, என்றான். அவள் குழாய் போட்ட கையை எடுத்து அவன் தலைமேல் வைத்தாள். உள்ளேயிருந்து பிரகதி, ஏழு வயசு, என்று கூப்பிட்டார்கள்.